விஷப்பாலில் தண்ணீர்

அனுப்புநர்:
நத்தைக் காப்பாளர் (பணியிடை நீக்கத்தில்),
பணியாளர் எண் 117,
கடலுயிர் மருந்து ஆய்வகம்,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கடல்வளத் துறைத் தலைமை அலுவலகம்,
இரண்டாம் தளம்.
(தாமே பிரித்துப் படிக்க வேண்டியது)

பொருள்: நான்காம் தொட்டி நத்தையின் விஷத்தை வெளியே கடத்திவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் கலந்ததாக என்மீது சாட்டப்பட்ட குற்றம், அதற்கு என் மறுப்பும், தங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் உதவியும் தொடர்பாக.

பார்வை:
1. உதவி மேலாளரின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, நாள்: பிப்ரவரி 27.
2. விளக்கம் கேட்டுக் கால்நடைப் பிரிவு எனக்கு எழுதிய கடிதம்.
3. ஏப்ரல் 17 அன்று தங்கள் அலுவலகத்தில் கொடுக்க வந்து, கொடுக்காமலே நான் திரும்ப எடுத்துச் சென்ற மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த உறையைப் பிரித்தது தாங்களாகவே இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குகிறேன். வேறு எவரேனும் பிரித்திருந்தால், அவர் இந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, மறுபடி ஒட்டி, ஐயா அவர்களின் மேசையில் வைத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உறையின் மடிப்பில் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். எவ்வளவு பக்குவமாக ஒட்டினாலும் கோடு விலகும்.

1. நான் மேற்படி ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கூம்பு நத்தைகளைப் பராமரித்து வருகிறேன். கடலடியில் வாழும் இந்த நத்தை ஊர்ந்துதான் போகும், ஆனால் தின்பது மீன். துரத்திப் பிடிக்க வழியில்லாததால், தும்பிக்கை போன்ற ஒரு குழலை நீட்டி, அதன் நுனியில் உள்ள ஊசியால் ஒரே குத்து குத்தும். மீன் அப்படியே விறைத்துப் போகும். அந்த விஷத்தில் இருக்கும் ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, வேறு எதற்கும் அடங்காத வலிக்கு மருந்து காண எங்கள் வேதியியல் பிரிவினர் பாடுபடுகிறார்கள். அவர்களுக்கு விஷம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

2. எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நத்தையை ஏழு நாள் பட்டினி போடுவேன். ஏழாம் நாள் காலை, ஒரு சிறு குழாயின் வாயில் மெல்லிய ரப்பர் சவ்வை இழுத்துக் கட்டி, அதன்மேல் மீன் வாலில் ஒரு துண்டை வைத்து, நீண்ட இடுக்கியால் நத்தையின் முன்னே பிடிப்பேன். மீன் என்று நம்பி அது சவ்வைக் குத்தும். விஷம் குழாய்க்குள் இறங்கும். உடனே உயிருள்ள மீன் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் ஏமாற்றினால் அடுத்த முறை அது தும்பிக்கையை நீட்டாது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு நத்தையையும் நான் ஏமாற்றியதில்லை. இதற்கு எங்கள் பதிவேட்டில் உள்ள சொல் "கறவை". எதிரே உள்ள தேநீர்க் கடையில் என்னைப் "பால்காரரே" என்றுதான் கூப்பிடுவார்கள். பணியிடை நீக்கத்துக்குப் பிறகு, "என்ன பால்காரரே, தண்ணி கொஞ்சம் தூக்கலாப் போச்சா?" என்கிறார்கள். அந்தக் கடைக்கு இப்போது நான் போவதில்லை.

3. இந்தச் சொல்லால் வந்த வினை இன்னொன்றும் உண்டு. குறிப்பாணையின் பொருளில் உதவி மேலாளர், "பால் கறவையில் முறைகேடு, நீர் கலப்பு" என்று எழுதிவிட்டார். தலைமை அலுவலகத்தில் யாரோ அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுக் கோப்பைக் கால்நடைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்து வாரம் அங்கே கிடந்தது. பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. கறவை விலங்குகள் எத்தனை, தீவனம் என்ன, சினை விவரம் யாது, வேளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்தார்கள். "ஒன்பது. உயிர் மீன். சினை விவரம் அறியேன். வேளைக்கு அரைச் சொட்டு" என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். கேலி செய்கிறேன் என்று கருதி, மேலதிகாரிக்கு மரியாதைக் குறைவு என இன்னொரு குற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம் தற்செயல் என்றார் என் மனைவி, அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து வாரத்தில் பதிவேடுகளைச் சரிக்கட்டிக்கொள்ள யாருக்கு அவகாசம் கிடைத்தது என்று நான் கேட்கிறேன்.

4. என்மீதான குற்றம் இதுதான். ஜனவரி 12, பிப்ரவரி 2, பிப்ரவரி 23 ஆகிய மூன்று நாட்களில் நான்காம் தொட்டியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த விஷத்தில் வேண்டிய சத்து பாதிகூட இல்லை. அளவு மட்டும் குறையவில்லை. ஆகவே, பாதியை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு மீதியில் தண்ணீர் ஊற்றிச் சமன் செய்தேன் என்கிறார்கள். நான்காம் தொட்டியில் இருப்பது ஒன்பதிலும் பெரியது. ஆய்வகத்தில் எல்லோரும் அதை "மாமியார்" என்று அழைப்பது வழக்கம். (அந்தப் பெயரை வைத்தது நான் அல்ல. இதையும் என் மனைவி நம்பவில்லை.) திருடுகிறவன் ஒன்பது தொட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவானா, கதவுக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற ஒரே தொட்டியில் மூன்று முறை திருடுவானா என்பதை ஐயா அவர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

5. தண்ணீர் கலந்தால் இருப்பது நீர்த்துப்போகும். இல்லாதது எப்படி வந்து சேரும்? இதை நான் கேட்கக் காரணம், அந்த மூன்று குழாய்களிலும் வேறு ஏதோ ஒன்று கூடுதலாக இருந்திருக்கிறது. இது குறிப்பாணையில் இல்லை. சோதித்த வேதியியலாளர் அம்மையார் இரண்டு மாதமாக என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் ஏறிப் போனார். நானும் அவரைத்தான் சந்தேகித்தேன், அதை ஒளிக்கவில்லை. கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் வேறு வழியில்லாமல் பக்கத்தில் நின்றபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. மூணு குழாயிலயும் வேற ஏதோ ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. நான் கொடுத்த ரிப்போர்ட் ரெண்டு பக்கம். அவங்க ஃபைல்ல வச்சது ஒரு பக்கம்தான். இதுக்கு மேல கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டார்.

6. அந்த இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கும் என்று படிக்காமலே எனக்குத் தெரியும். கூம்பு நத்தையிடம் இருப்பது ஒரு விஷம் அல்ல, இரண்டு. பசித்து மீனைக் குத்தும்போது வருவது ஒன்று. மருந்துக்கு வேண்டியது அதுதான். யாராவது சீண்டி, உயிருக்குப் பயந்து குத்தும்போது வருவது இன்னொன்று. அது மருந்துக்கு உதவாது, ஆளைக் கொல்ல மட்டுமே உதவும். ஒருமுறை பயந்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்கு அதன் பயம் தெளியாது, எத்தனை பட்டினி போட்டாலும் குழாயில் இறங்குவது பய விஷமாகத்தான் இருக்கும். ஆக, அந்த மூன்று கறவைக்கும் முன்பு யாரோ மாமியாரைச் சீண்டியிருக்கிறார்கள். யார் என்பதே கேள்வி.

7. இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் இம்மனு உண்மையாகாது. நத்தை அறையின் சாவி வாயிற்காவலரின் கூண்டில் தொங்கும். வாயிற்காவலர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. என் சிபாரிசில்தான் அந்த வேலைக்கு வந்தார். பிப்ரவரி முதல் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சாவியை யார் எடுத்தார்கள் என்று எத்தனை முறை கேட்டாலும், "எனக்கென்ன மாமா தெரியும்" என்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பார்வை 3-இல் கண்ட மனுவில் அவரை முதல் சந்தேக நபர் என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், வீட்டில் சத்தமாகப் படித்தும் காட்டினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு. என் தம்பியைத் திருடன்னு எழுதிட்டு, அந்தக் கவரையும் அவன் கையிலயே கொடுத்து போஸ்ட் பண்ணச் சொல்லுவீங்க போல." அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கும் சத்தத்தைக் கொண்டு சாப்பாடு தயார் என்று நானே புரிந்துகொள்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து சாப்பிடும் தம்பியும் வருவதில்லை.

8. இதற்கிடையில் என் நாட்குறிப்பைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று கறவைக்கும் முந்தைய நாள், அதாவது மூன்று புதன்கிழமைகளிலும், உதவி மேலாளர் என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறார். "மீன் பத்தாது போல இருக்கே, போய் ஒரு வாளி வாங்கிட்டு வந்துடுங்க" என்பார். மூன்று முறையும் அதே சொற்கள். மூன்றாம் புதன்கிழமை மீன் தொட்டியில் நாற்பத்திரண்டு மீன்கள் இருந்தன, எண்ணி வைத்திருக்கிறேன். மாமியார் சாப்பிடுவதோ வாரத்துக்கு ஒன்று. அப்போது நான் எதுவும் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற நான், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் எனக்கே என்மீது எரிச்சல் வருகிறது.

9. ஏப்ரல் 17, திங்கட்கிழமை, மேற்படி மனுவோடு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கூடத்தில் கால் ஆடும் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே அறிவிப்புப் பலகை. அதில் துறைச் செய்திமடலின் பக்கம் ஒன்று நான்கு குண்டூசிகளால் குத்தப்பட்டிருந்தது. "ஆய்வகத்தைப் பார்வையிடுகிறார் இயக்குநர்" என்ற தலைப்பில் வண்ணப் படம். நத்தை அறை. நான்காம் தொட்டி. மூடி திறந்திருக்கிறது. தொட்டிக்கு முன்னே நிற்பவரின் வலக்கையில் ஒரு கண்ணாடிக் குச்சி, பாதி தண்ணீருக்குள். அந்தக் கை தங்களுடையது, ஐயா.

10. படத்தில் தேதி இல்லை. ஆனால் பின்சுவரில் என் பட்டினிப் பலகை இருக்கிறது. எந்த நத்தை எத்தனையாவது நாள் பட்டினி என்று தினமும் காலையில் நான் எழுதி வைப்பது. "தொட்டி 4, ஆறாம் நாள், பிப்ரவரி 22, புதன்" என்று என் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. மாமியாரின் தும்பிக்கை முழுதாக வெளியே நீண்டிருக்கிறது. பசியில் நீட்டினால் அது தாழ்ந்து மணலைத் தடவிக்கொண்டு போகும். பயந்தால் மட்டுமே நேராக விறைக்கும். படத்தில் விறைத்திருந்தது. பக்கத்தில் உதவி மேலாளர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

11. இன்னொருவரும் அந்தப் படத்தில் இருந்தார். ஐந்தாறு வயதுச் சிறுமி, ஒரு முக்காலியின்மேல் ஏறி நிற்கிறார். முகச்சாயலைக் கொண்டு தங்கள் பேத்தி என்று எண்ணுகிறேன். அவருடைய ஒரு கை தொட்டி விளிம்பைப் பிடித்திருக்கிறது. விரல்கள் உள்பக்கம். தும்பிக்கைக்கும் அந்த விரல்களுக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஐயா, அந்த ஊசி தடித்த கையுறையையும் துளைக்கும். அதற்கு மாற்று மருந்து எந்த ஊரிலும் கிடையாது. ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தொட்டிக்குள் நான் என் விரல் நகத்தை விட்டதில்லை. வேலை போனதற்காக எனக்கு இதுவரை அழுகை வந்ததில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்தபோது வந்துவிட்டது. தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, மனுவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

12. மறுநாள் காலை, படத்தை ஒரு நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்று வந்தேன். பலகையில் நான்கு ஓட்டைகளும், வெளிறாத ஒரு சதுரமும் மட்டும் இருந்தன. விசாரித்தால், "அப்படி எதுவும் அங்க இல்லையே" என்றார்கள். முந்தைய நாள் நான் அந்தப் படத்தையே உற்றுப் பார்த்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. தாங்கள் என்று நான் சந்தேகிக்கவில்லை. இன்னும் சரியாகச் சொல்வதானால், சந்தேகிக்காமல் இருக்க முயன்று வருகிறேன்.

13. அன்று மாலையே வாயிற்காவலரைக் கூண்டில் போய்ப் பார்த்து, பிப்ரவரி 22 அன்று யார் வந்தார்கள் என்று கேட்டேன். இம்முறை ஷூவைப் பார்க்கவில்லை. "பெரிய இடத்துலேருந்து வர்றாங்க, ரிஜிஸ்டர்ல எழுத வேணாம்னு சொன்னாங்க மாமா. அதுக்கு முன்னாடி ரெண்டு புதன்கிழமையும் வேற யாரோ காருல வந்தாங்க. அதையும் எழுதலை. நீங்க கேட்டதெல்லாம் சாவியை யார் எடுத்தாங்கன்னு. யார் வந்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். அவருடைய ஒப்பந்தம் மே மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். விசாரணையில் அவர் வாய் திறந்தால் அது புதுப்பிக்கப்படாது. அவரைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்மீது நான் கொண்ட சந்தேகத்தை இம்மனுவின் வாயிலாக முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். நேரில் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. ஆகவே இதை இங்கே பதிவு செய்கிறேன்.

14. விசாரணை ஏப்ரல் 28 அன்று நடக்கிறது. வருகைப் பதிவேட்டைக் காட்டி, பிப்ரவரி 22 அன்று ஒருவரும் வரவில்லை என்று உதவி மேலாளர் சொல்வார். வேதியியலாளர் அம்மையாரால் பேச முடியாது. படம் இல்லை. குற்றம் உறுதியானால், விஷம் கடத்தியவன் என்று என் பெயர் காவல் நிலையத்துக்குப் போகும். அதன்பிறகு எந்தத் தொட்டியின் பக்கத்திலும் என்னை யாரும் நிற்க விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அன்று அந்த அறையில் இருந்தவர்களில், உண்மையைச் சொன்னால் வேலை போகாதவர் தாங்கள் ஒருவர் மட்டுமே.

15. இது தங்கள்மீது புகார் அல்ல. பெரிய மனிதர் கையில் குச்சியைக் கொடுத்து, "விட்டுப் பாருங்க சார், ஒண்ணும் பண்ணாது" என்று ஒருவர் சொன்னால், தாங்கள் விடாமல் என்ன செய்வீர்கள்? பிழை சொன்னவருடையது. அந்த மூன்று நாட்களில் ஒரு நாளின் உண்மை வெளிவந்தாலே, வேதியியல் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவர்கள் கேட்டே ஆக வேண்டும். மற்ற இரண்டு நாட்களும் தாமாக விளங்கிவிடும். ஆகவே தாங்கள் விசாரணைக்கு ஒரு சிறு வாக்குமூலம் மட்டும் எழுத்தில் அனுப்பி உதவ வேண்டும். தங்கள் பேத்தியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் தேவையில்லை. தங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால் அதை நானே தட்டச்சு செய்து கீழே இணைத்திருக்கிறேன். விசாரணை முடியும்வரை நான்காம் தொட்டியைப் பூட்டி வைக்கவும் ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். நான் இல்லாதபோது அதற்கு யார் மீன் போடுகிறார்கள், எந்தக் கையால் போடுகிறார்கள் என்ற கவலை எனக்கு ஓயவில்லை.

16. இம்மனுவின் நகல் வேறு எந்த அலுவலகத்துக்கும் அனுப்பப்படவில்லை. ஒரே ஒரு நகல் என் மனைவியிடம் இருக்கிறது. அவர் என்னோடு பேசுவதில்லை என்பதால் நான் கேட்டாலும் தரமாட்டார், எனவே பத்திரமாக இருக்கும். நான் சந்தேகப் பிராணி என்பது என்னை அறிந்த அனைவரும் அறிந்ததே. தங்கள் ஒருவரிடம் மட்டும் அதைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் 28-ஆம் தேதி வரை தாக்குப்பிடிப்பேன்.

தங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும்,

நத்தைக் காப்பாளர்,
பணியாளர் எண் 117
(ஒப்பம்)

இடம்: துறைமுகச் சாலைப் பணியாளர் குடியிருப்பு
நாள்: ஏப்ரல் 20, வியாழக்கிழமை

இணைப்பு: ஒன்று

- - - - - - - - - - (இக்கோட்டில் கிழித்து அனுப்பலாம்) - - - - - - - - - -

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

பிப்ரவரி 22, புதன்கிழமை, நான் நத்தை அறைக்குச் சென்றிருந்தேன். நான்காம் தொட்டிக்குள் கண்ணாடிக் குச்சியை விட்டது நான். அப்போது நத்தைக் காப்பாளர் அங்கே இல்லை.

இயக்குநர்: ..............................